கிருபாவுக்கு யார் ஞானப்பெற்றோர்?

தம்பிகளே, தங்கைகளே, அங்கியில் கஞ்சியின் மொறுமொறுப்பு இன்னும் போகாத புது ஆயர்களே,

உங்களுக்குப் பிரசங்கம் செய்ய நான் உட்காரவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஞாயிறுதோறும் அதைச் செய்து எனக்கே அலுத்துப்போய்விட்டது. சபைக்கு அதற்கு வெகு முன்பே அலுத்திருக்கும். பாவம், நல்லவர்கள், சொல்லாமல் இருந்துவிட்டார்கள். ஆராதனை முறை, ஆலய நிர்வாகம், மழைக்காலத்தில் கோபுரத்து ஒழுகல் எல்லாம் நீங்களே பழகிக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது என்னுடைய தவறு ஒன்றை.

தவறு செய்வதில் நான் கெட்டிக்காரன். முதல் வருஷமே ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பதிலாக அவனுடைய அண்ணனை மணப்பெண் பக்கத்தில் நிறுத்தி, பாதி ஜெபம் முடித்துவிட்டேன். கோட்டு போட்டிருந்தவன் அவன்தான், நான் என்ன செய்வேன். இதெல்லாம் சிரித்தால் தீர்ந்துபோகிற தவறுகள். நான் சொல்லப்போவது அப்படிப்பட்டதல்ல. அதை நல்லெண்ணத்தோடு, நிதானமாக, யாரும் குறை சொல்ல முடியாதபடி செய்தேன். நம்முடைய வேலையில் ஆபத்தான தவறுகள் பெரும்பாலும் இந்த லட்சணத்தில்தான் வரும்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் நான் பாலகாட் சுரங்கத்துப் பக்கத்துச் சபையில் இருந்தேன். கோலார் தங்க வயலில் ஊழியம் செய்வதில் ஒரு சௌகரியம் உண்டு. வாரநாளில் சபையாரைப் பார்க்க வேண்டுமானால் வீடு வீடாக அலைய வேண்டாம். விடியற்காலையில் மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் போனால் பெங்களூர் வண்டியில் பாதிச் சபை உட்கார்ந்திருக்கும். சாம்சனை நான் நன்றாகப் பழகிக்கொண்டது அந்தப் பிளாட்பாரத்தில்தான். பெங்களூரில் ஒரு கிடங்கில் வேலை. மனைவி ஸ்டெல்லா. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் அறைக்கு வந்தார்கள். சாம்சன் கதவைச் சாத்தினான். அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

பிள்ளை ஆணா பெண்ணா என்று ஆஸ்பத்திரியில் உடனே சொல்ல முடியவில்லை. மருத்துவர்கள் இன்டர்செக்ஸ் என்கிறார்கள். இடைப்பால் என்று இப்போது தமிழில் எழுதுகிறார்கள். ஆணுடல், பெண்ணுடல் என்று நாம் பழகி வைத்திருக்கிற இரண்டிலும் முழுசாக அடங்காமல் பிறக்கிற பிள்ளைகள். அது நோயல்ல, பிள்ளை ஆரோக்கியமாக இருக்கிறது, இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், இன்னும் சில பரிசோதனை முடிவுகள் வர வேண்டும், அவ்வளவுதான் என்று பார்த்த டாக்டரம்மா சொல்லியிருந்தார். இறையியல் கல்லூரியில் எபிரெயு, கிரேக்கு எல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"ஞானஸ்நானம் எப்ப வச்சிக்கலாம் ஐயா?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

இங்கே நம்முடைய வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் ஞானஸ்நானத்தன்று பிள்ளைக்காக வாக்குக் கொடுக்க, ஆண் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் இரண்டு பேர், ஞானத்தாய் ஒருவர். பெண் பிள்ளைக்கு ஞானத்தாய் இரண்டு பேர், ஞானத்தகப்பன் ஒருவர். வெள்ளைக்காரத் துரைகள் சுரங்கத்தோடு சேர்த்துக் கொண்டுவந்த விதி. தங்கம் தீர்ந்துவிட்டது, விதி தீரவில்லை. மாமன் நிற்பதா சித்தப்பன் நிற்பதா என்று இதற்காகவே குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதுண்டு. அதற்கு மேல் விண்ணப்பப் பாரத்தில் ஆண், பெண் என்று இரண்டு கட்டங்கள். ஒன்றில் டிக் போட வேண்டும்.

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பிள்ளையல்ல, அந்தக் கட்டங்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

"ரிப்போர்ட் எல்லாம் வரட்டும்மா. பாரத்துல எழுதணும், ஞானப்பெற்றோர் முடிவு பண்ணணும். அவசரம் ஒண்ணும் இல்ல, ரெண்டு மாசம் போகட்டும்" என்றேன். குரலை எவ்வளவு மென்மையாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு மென்மையாக வைத்துக்கொண்டேன்.

சாம்சன் தலையாட்டினான். ஸ்டெல்லா பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டே, "அதுவரைக்கும் ஜெபத்துல பேரு சொல்லுவீங்களா ஐயா? கிருபான்னு வெச்சிருக்கிறோம்" என்றாள்.

"பேரு ஞானஸ்நானத்துலதானேம்மா வெக்கிறது" என்றேன்.

அவள் பிள்ளையைப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். போய்விட்டார்கள். அவசரப்படாமல் பக்குவமாக நடந்துகொண்டேன் என்று எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த மூன்று ஞாயிறும் ஸ்டெல்லா கோயிலுக்கு வரவில்லை. கைக்குழந்தைக்காரி, வராவிட்டால் என்ன என்று இருந்துவிட்டேன். நான்காம் வாரம் சனிக்கிழமை காலையில், மறுநாள் பாட்டுகளைக் குறித்துக்கொள்ள டீச்சர் வந்தார்.

டீச்சரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. மற்றவர்களின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். எல்லாரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவரைச் சபையில் எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபதை நெருங்கிய வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஞாயிறு பள்ளிக்குத் தலைமை, ஆலயக் கமிட்டியிலும் உறுப்பினர். கனத்த குரல். பாடகர் குழுவில் ஆண்கள் பாட வேண்டிய டெனரை அவர்தான் தாங்குவார். ஆண்கள் அவர் குரலில் சாய்ந்துகொண்டு நிற்பார்கள்.

"ஐயா, ஸ்டெல்லா வூட்டுக்குப் போனீங்களா?" என்றார்.

"கொழந்தைய வெச்சிகினு இருக்குது, தொந்தரவு பண்ண வேணாம்னு இருந்துட்டேன் டீச்சர்."

"தொந்தரவு பண்ணுங்க. இன்னிக்கே போங்க" என்றார். பாட்டைக்கூடக் குறிக்காமல் எழுந்து போய்விட்டார்.

போனேன். வீட்டில் கட்டில்மேல் ஒரு பெரிய பை, பிளாஸ்க், மடித்த துணிகள். கிருபா அவற்றுக்கு நடுவில் கால்களை உதைத்துக்கொண்டு கிடந்தது.

"எங்கம்மா கெளம்புறீங்க?"

"திங்கக்கெழமை பெங்களூருல அட்மிஷன் ஐயா. ஆபரேஷனு" என்றாள் ஸ்டெல்லா.

"அந்த டாக்டரம்மா இப்போ ஒண்ணும் வேணாம்னு சொன்னாங்களே."

"சொன்னாங்க. ஒண்ணுக்கு நல்லாப் போவுது, உயிருக்கு ஒண்ணியும் இல்ல, பிள்ளை வளந்து அதுவே சொல்லட்டும், பண்ணிட்டா திருப்ப முடியாதுன்னுகூட சொன்னாங்க. இன்னொரு எடத்துல கேட்டோம். பொண்ணா பண்ணிடறோம்னு தேதி குடுத்துட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "பண்ணிட்டா பாரத்துல எழுதலாமில்ல ஐயா. அப்போ ஞானஸ்நானம் குடுப்பீங்க இல்ல."

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தாள். நான் சொன்னதை வேறு எப்படிப் புரிந்துகொள்ள முடியும்? என் கையில் கத்தியில்லை, வெறும் பாரம்தான் இருந்தது. அதை வைத்தே ஒரு பிள்ளையை ஆபரேஷன் மேசைவரை தள்ளிவிட்டிருந்தேன். கேட்காமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டேன்.

"தப்பு என்னுதும்மா" என்றேன். "நாளைக்கே ஞானஸ்நானம் குடுக்குறேன். அந்தத் தேதிய விட்டுடுங்க."

ஸ்டெல்லா என்னை நம்பவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. "நீங்க ஒத்துகினா போதுமா? கமிட்டி ஒத்துக்கணுமே" என்றாள்.

சாம்சன்தான் விளக்கினான். "இன்னொரு தடவ திருப்பி அனுப்பினா இவ தாங்க மாட்டா ஐயா. நாளைக்குத் தண்ணி ஊத்துனீங்கன்னா மத்தத அப்புறம் பேசலாம். இல்லன்னா நாங்க திங்கக்கெழமை கெளம்பிடறோம்."

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கமிட்டியைக் கூட்டினேன். ஏழு பேர். கமிட்டியின் செயலாளர் தானியேல் அண்ணனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சுரங்கம் ஓடிய காலத்தில் கேஜில், அதாவது சுரங்கத்துக்குள் இறங்குகிற இரும்புக் கூண்டில், ஆட்களை ஏற்றி, எண்ணி, மணியடித்துக் கீழே அனுப்புகிற வேலை அவருக்கு. ஒரு ஆள் கூடுதலாக நுழைந்தாலும் கேஜ் நகராது. சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் மனுஷன் மணியடிப்பதை நிறுத்தவில்லை, கமிட்டியில் அடித்துக்கொண்டிருக்கிறார். நான் எப்போது பரவசமாகப் பேசினாலும், "அது சரிங்க ஐயா, ரூல் இன்னா சொல்லுது?" என்பார்.

விஷயத்தைச் சொன்னேன். பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒரு மூத்த உறுப்பினர், யார் செய்த பாவமோ என்று பெருமூச்சு விட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிறவியிலேயே பார்வையில்லாதவனைக் காட்டிச் சீஷர்கள் இதே கேள்வியைக் கேட்டார்கள், யாருடைய பாவமும் அல்ல என்று ஆண்டவர் சொன்னதை இதே கோயிலில் எத்தனை தடவை வாசித்திருக்கிறேன், நீங்களும் தலையாட்டிக் கேட்டிருக்கிறீர்கள் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பெண்கள் சங்கத்துத் தலைவியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உபவாச ஜெபம் வெப்போம் ஐயா, கர்த்தர் சரி பண்ணிடுவாரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் இளையவர்களே, பாவம் என்று சொல்கிறவரோடு சண்டை போட்டுவிடலாம். சரி பண்ணிவிடுவார் என்று அன்பாகச் சொல்கிறவரிடம் சண்டை போட முடியாது. பெற்றவள் மனத்தில் அந்த வார்த்தைதான் ஆழமாக இறங்கும். என் பிள்ளை தவறாகப் படைக்கப்பட்டுவிட்டது என்று அவள் முடிவு செய்துகொள்வாள்.

தாயின் வயிற்றிலிருந்தே வேறு மாதிரியாகப் பிறக்கிறவர்கள் உண்டென்று ஆண்டவர் ஓரிடத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். ஆச்சரியமும் படவில்லை, வருத்தமும் படவில்லை. அத்தனை வருஷமும் பிரசங்கத்தில் அந்த இடம் வரும்போதெல்லாம் சபையார் நெளிவார்களே என்று நான் தாண்டிப் போயிருக்கிறேன். அன்றைக்கு அதையும் எடுத்துச் சொன்னேன்.

தானியேல் அண்ணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அது சரிங்க ஐயா. எனக்கு அந்தக் கொழந்த மேல ஒண்ணியும் இல்ல. நாளைக்கு ஞானப்பெற்றோர் எத்தன பேரு, எந்தக் கணக்குல நிக்கப்போறாங்க? ஆம்பளக் கணக்கா, பொம்பளக் கணக்கா? ரூல் படி இல்லாம குடுத்தா நாளைக்கு யாராவது இது செல்லாதுன்னுவான். அப்போ அந்தக் கொழந்தைக்குத்தான் அசிங்கம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். விதியைத் தூக்கி எறி என்று நான் கத்தினால் கூட்டம் இரண்டாகப் பிரியும். அடுத்த மாதம் ஒத்திவைப்போம் என்பார்கள். திங்கட்கிழமை போய்விடும். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அதற்குள் டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தானியேல் அண்ணா, பீரோவுல பழைய ஞானஸ்நான ரிஜிஸ்டரு இருக்குதில்ல? என் பேரைத் தேடுங்க. இந்தப் பேரு இருக்காது. எங்க அப்பா பேரைப் பாருங்க."

தானியேல் அண்ணன் பீரோவைத் திறந்து, தூசி தட்டி, பக்கம் பக்கமாக விரலை ஓட்டினார். ஒரு இடத்தில் விரல் நின்றுவிட்டது. அவர் டீச்சரைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

"ஆணுன்னு போட்டுக்குது" என்றார் மெதுவாக.

"ஆமா. ரெண்டு ஞானத்தகப்பன், ஒரு ஞானத்தாய். எல்லாம் ரூல் படிதான்" என்றார் டீச்சர். "நானும் அந்தக் கொழந்த மாதிரிதான் பொறந்தேன். ஏழு வயசுல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போனாங்க. கொடல்வால் ஆபரேஷன்னு சொன்னாங்க. அப்புறம் வேலூர்ல மாமா வூட்ல விட்டாங்க. பத்து வயசுல திரும்பி வரும்போது பாவாட, சட்ட, புதுப் பேரு. சுரங்கக் குடியிருப்புலயே வேற லைனுக்கு வூடு மாத்திகினோம், யாரும் கேக்கல. அது கொடல்வால் இல்லன்னு முப்பது வயசுல ஒரு டாக்டரு சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சிது. அப்போ அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. யார்கிட்ட போயி கேக்குறது? அவங்க மேல கோவம் இல்லங்க. என்னைக் கேக்காம பண்ணிட்டாங்க, அது ஒண்ணுதான்."

பாவம் என்று பெருமூச்சு விட்டவர் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு பெண்களுக்கும் வேத வசனம் சொல்லிக்கொடுத்தது டீச்சர்தான்.

தானியேல் அண்ணன் தொண்டையைச் செருமினார். "அப்போ நீங்க..."

"நான் பொம்பளதான் அண்ணா. எனக்கு அதுல சந்தேகம் கெடையாது. உங்க புஸ்தகத்துல மட்டுந்தான் ஆம்பள." டீச்சர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "இப்போ ரூலுக்கு வாங்க. நாளைக்கு ஒரு ஞானத்தகப்பன் நிக்கட்டும், ஒரு ஞானத்தாய் நிக்கட்டும். மூணாவதா நான் நிக்கிறேன். கிருபா வளந்து ஆம்பளன்னு சொல்லுச்சுன்னா, உங்க புஸ்தகப்படி நான் ரெண்டாவது ஞானத்தகப்பன். பொம்பளன்னு சொல்லுச்சுன்னா, உங்க கண்ணு முன்னால நான் ரெண்டாவது ஞானத்தாய். ரெண்டும் இல்லன்னு சொல்லுச்சுன்னா அதுக்குத் தொணையா நான் இருக்கிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்க கணக்கு சரியா வருதா இல்லியா?"

தானியேல் அண்ணன் விரல்விட்டு எண்ணினார். சத்தியமாக எண்ணினார். ஒரு தடவை இந்தப் பக்கமிருந்து, ஒரு தடவை அந்தப் பக்கமிருந்து. பிறகு அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"சரியாத்தான் வருதுங்க ஐயா" என்றார். "எழுதிக்கிறேன். விதிக்கு உட்பட்டு, ஏகமனதாக."

முதலில் சிரித்தவர் டீச்சர். அப்புறம் எல்லாரும் சிரித்தோம், தலைவியம்மாள் சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, மறைக்கவில்லை. அன்று டீச்சர் சொன்னது, அவர் சம்மதத்தோடு நான் எழுதுகிற இந்தக் கடிதம்வரை, அந்த ஏழு பேரைத் தாண்டி வெளியே போகவில்லை. கமிட்டியில் பேசியது வெளியே போகாமல் இருந்ததை என் ஊழியத்தில் நடந்த அற்புதமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஏறக்குறைய முப்பது வருஷமாக ஒரு பெண் பூட்டிவைத்திருந்ததை, ஒரு கைக்குழந்தைக்காக எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். அதை வைக்க வேண்டிய இடத்துக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தியது என்னுடைய நிதானம். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஒரு பிள்ளையோடு வருகிறவர்களிடம், பிறகு வாருங்கள் என்று நாம் சொல்கிற வார்த்தை பிறகு என்பதோடு நிற்காது. மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றுதான் அவர்கள் காதில் விழும். தீர்மானிக்க முடியாதபோது முதலில் பிள்ளையைக் கையில் வாங்குங்கள். பாரம் காத்திருக்கட்டும், அதற்குப் பசிக்காது.

மறுநாள் ஆராதனையில் ஞானத்தகப்பனாகச் சாம்சனின் ரயில் சிநேகிதன் ஒருவன் நின்றான், ஞானத்தாயாக ஸ்டெல்லாவின் தங்கை. மூன்றாவதாக டீச்சர், சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவையில். டீச்சர் பாடகர் குழுவில் இல்லாததால் அன்றைய பாட்டின் டெனர் பரிதாபமாக இருந்தது. ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கிருபா தண்ணீர் பட்டதும் ஊரைக் கூட்டியது. அந்தத் தொண்டையைக் கேட்டுவிட்டு, பாடகர் குழுவுக்கு ஒரு ஆள் தயார் என்று டீச்சர் என் காதில் சொன்னார். நான் பிள்ளையின் பெயரைச் சபை முழுக்கக் கேட்கிறமாதிரி சொன்னேன், தேவைக்கு மேல் இரண்டு தடவை. பாரத்தில் இரண்டு கட்டங்களும் காலியாகவே இருந்தன.

ஆராதனை முடிந்து என் அறையில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது சாம்சனின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவன் முகம் மாறியது. பெங்களூர் ஆஸ்பத்திரி. மறுநாள் வருகிறார்களா என்று உறுதிசெய்துகொள்ளக் கூப்பிடுகிறார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அது என் பதில் அல்ல என்கிற அளவுக்காவது அதற்குள் எனக்குப் புத்தி வந்திருந்தது.

ஸ்டெல்லா ஈரத் தலையோடு இருந்த பிள்ளையை டீச்சர் கையில் கொடுத்துவிட்டுப் போனை வாங்கினாள்.

"ஆமாங்க, கிருபாவோட அம்மாதான் பேசறேன். இல்லங்க, நாளைக்கு வரல." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "வேற தேதியும் வேணாங்க. பிள்ளை பெரிசாயி அதுவே வந்து கேட்டுச்சுன்னா, அப்போ நாங்களே கூட்டிகினு வரோம்."

போனைச் சாம்சனிடம் நீட்டிவிட்டு, கேக் தட்டை எடுத்து முதல் துண்டை எனக்குத் தந்தாள். "சாப்புடுங்க ஐயா" என்றாள்.